முதிய வயதில் மார்பகப் புற்றுநோய்: ஹார்மோன் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தொடர்வது ஏன் கடினமாகிறது?

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையும், தேவைப்படுவோருக்குக் கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்த பின்னர், பெண்கள் பலருக்கு நாள்தோறும் உட்கொள்ள ஒரு சிறிய மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது. இதனைக் குறைந்தது 5 ஆண்டுகளும், நோய் திரும்பும் வாய்ப்பு மிகுந்தவர்கள் 7 முதல் 10 ஆண்டுகள் வரையும் உட்கொள்ள வேண்டியிருக்கும். மருத்துவமனை வாசலைக் கடந்து வீட்டிலேயே நடைபெறும் சிகிச்சை இது. மேற்பார்வையிட எவரும் இல்லாத சிகிச்சையும் இதுவே. ஆகவே இது பாதியில் நின்றுபோவது பலமுறை மருத்துவருக்குத் தெரிவதே இல்லை.

பல்வேறு நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகள், இம்மாத்திரையைத் தொடங்கும் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப்பேர் வரை 5 ஆண்டுகளை முழுமையாக நிறைவு செய்வதில்லை எனக் காட்டுகின்றன. அவர்களில் முதியோர் கணிசமாக உள்ளனர். இதனை அக்கறையின்மை என்று கருதுவது தவறு. நிறுத்துவதற்கு உண்மையான காரணங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தீர்வும் உள்ளது. அவற்றை நோயாளிகளும் பராமரிப்போரும் அறிந்துகொள்வதற்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

இம்மாத்திரை என்ன செய்கிறது?

மார்பகப் புற்றுநோய்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோனின் தூண்டுதலால் வளர்பவை. வயது கூடக்கூட இவ்வகையின் விகிதமும் கூடுகிறது. உங்கள் திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ அல்லது ‘பி.ஆர். பாசிட்டிவ்’ என்று குறிக்கப்பட்டிருந்தால் உங்கள் நோய் இவ்வகையைச் சேர்ந்தது.

மாதவிடாய் நின்றுவிட்டால் உடலில் ஈஸ்ட்ரோஜன் இராது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சினைப்பை ஓய்ந்த பின்னரும், சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் வெளியிடும் ஒருவகை ஹார்மோனைக் கொழுப்புத் திசு, தசை முதலியவை சிறிதளவு ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் உடலில் எங்கேனும் புற்றணுக்கள் தங்கியிருந்தால், அவை வளர இச்சிறு அளவே போதுமானது.

இதனைத் தடுக்க இருவகை மாத்திரைகள் பயன்படுகின்றன.

• டாமாக்சிஃபென் (நாளொன்றுக்கு 20 மில்லிகிராம்): புற்றணுவில் ஈஸ்ட்ரோஜன் சென்று பொருந்தும் இடத்தை இது அடைத்துக்கொள்கிறது.
• லெட்ரோசோல் (2.5 மில்லிகிராம்), அனாஸ்ட்ரோசோல் (1 மில்லிகிராம்), எக்ஸெமெஸ்டேன் (25 மில்லிகிராம்): இவை ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுக்கின்றன. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றே வழங்கப்படுகிறது. எக்ஸெமெஸ்டேனை உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும்.

டாமாக்சிஃபென் மாத்திரையை 5 ஆண்டுகள் உட்கொண்ட ஹார்மோன் வகை நோயாளிகளிடையே, முதல் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் நிகழும் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இரண்டாம் வகை மாத்திரைகள், மாதவிடாய் நின்ற பெண்களிடம் நோய் திரும்புவதை இதனினும் சற்றுக் கூடுதலாகத் தடுக்கின்றன. இவ்வகைப் புற்றுநோய் 10, 15, ஏன் 20 ஆண்டுகள் கழித்தும் எலும்பிலோ கல்லீரலிலோ தலைகாட்டக்கூடியது. அதனாலேயே சிகிச்சையும் இவ்வளவு நீண்டதாக உள்ளது.

ஏன் நிறுத்திவிடுகின்றனர்?

1. பலன் கண்ணுக்குத் தெரிவதில்லை. தொல்லை மட்டுமே தெரிகிறது

இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவருக்குக் கருவி ஓர் எண்ணைக் காட்டுகிறது. சர்க்கரை மாத்திரைக்கும் அத்தகைய எண் உண்டு. ஹார்மோன் மாத்திரை வேலை செய்கிறது என்பதைக் காட்ட அத்தகைய எண் எதுவும் இல்லை. கட்டி அகற்றப்பட்டுவிட்டது, வலியும் இல்லை. மாத்திரை தொடங்கிய பின்னரே கைவிரல்கள் வலிக்கின்றன, உறக்கம் கெடுகிறது. ‘நன்றாக இருந்த உடம்பை மாத்திரை கெடுத்துவிட்டது’ என்று தோன்றுவது இயல்பே.

2. பக்கவிளைவுகள் முதுமையின் தொல்லைகளோடு கலந்துவிடுகின்றன

லெட்ரோசோல் வகை மாத்திரைகளை உட்கொள்வோரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மூட்டுவலியோ விறைப்போ ஏற்படுகிறது. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க இயலாமை, முழங்கால் வலி, நடக்கத் தொடங்கும்போது இறுக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள். முன்பே மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கு இவ்வலி இரட்டிப்பாகிறது. வீட்டார் ‘வயதாகிவிட்டால் அப்படித்தான்’ என்கின்றனர். மருத்துவரும் அவசரத்தில் கேட்காமல் விட்டுவிடக்கூடும். வலியின் காரணத்தை எவரும் விளக்காதபோது, அப்பெண் தானே ஒரு முடிவுக்கு வந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்.

திடீரென உடல் சூடேறி வியர்த்தல், களைப்பு, மனச்சோர்வு, மறதி ஆகியவையும் இவ்வாறே ‘வயதின் குறை’ என ஒதுக்கப்படுகின்றன. பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், சிறுநீர் கழிக்கையில் கடுப்பு ஆகியவற்றைப் பல பெண்கள், குறிப்பாக ஆண் மருத்துவரிடம், வாய்திறந்து சொல்வதே இல்லை.

3. மாத்திரைகளின் எண்ணிக்கை மிகுதி

70 வயதுப் பெண்ணிடம் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம், தைராய்டு என ஏற்கெனவே பல மாத்திரைகள் இருக்கும். கண்புரை உள்ளவருக்கு மாத்திரை அட்டையிலுள்ள சிறு எழுத்துகள் தெரிவதில்லை. ஒரு மாதம் வெள்ளை மாத்திரை, மறு மாதம் மஞ்சள் மாத்திரை என நிறுவனத்திற்கேற்ப நிறமும் உறையும் மாறும்போது, ‘இது வேறு மருந்து’ என்று எண்ணி ஒதுக்கிவைப்போரும் உண்டு. ஒரே மருந்தை இருமுறை உட்கொள்வோரும் உண்டு.

4. நோயின் பெயர் மறைக்கப்படுகிறது

நம் குடும்பங்களில் முதியோரிடம் ‘புற்றுநோய்’ என்னும் சொல்லைச் சொல்லாமல் மறைப்பது வழக்கமாக உள்ளது. ‘கட்டி எடுத்தாயிற்று, இது சத்து மாத்திரை’ என்று சொல்லி வைக்கின்றனர். அன்பினால் சொல்லப்படும் இச்சொல்லே சிகிச்சைக்குத் தடையாகிறது. சத்து மாத்திரை என்று நம்புபவர், அதனால் மூட்டு வலிக்கிறது என்று கண்டால் உடனே நிறுத்திவிடுவார். அவரைப் பொறுத்தவரை அது நியாயமான முடிவே. எதற்காக உட்கொள்கிறோம் என்பது தெரியாத மாத்திரையை 5 ஆண்டுகள் எவராலும் தொடர இயலாது.

5. வாழ்க்கைச் சூழல்

ஒரு மகன் வீட்டில் மூன்று மாதம், மற்றொரு மகள் வீட்டில் மூன்று மாதம் என மாறி மாறித் தங்கும் தாய்மார்களுக்கு மருந்துச் சீட்டு ஓர் ஊரிலும் மாத்திரை வேறோர் ஊரிலுமாகத் தங்கிவிடுகிறது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர் ஒருநாள் கூலியை இழக்க நேர்கிறது. பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று எண்ணி, மாத்திரை தீர்ந்ததைச் சொல்லாமலேயே இருந்துவிடும் பெண்கள் பலர். விரத நாள்களில் மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுவது மற்றொரு காரணம்.

சொல்லாமல் நிறுத்துவதில் உள்ள ஆபத்து

நோய் திரும்பும் வாய்ப்புக் கூடுவது முதல் ஆபத்து. இரண்டாவது ஆபத்து அதிகம் பேசப்படாதது. நோய் திரும்பும்போது, ‘இவர் மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டும் நோய் வந்துவிட்டது, ஆகவே இம்மருந்து இவருக்குப் பயனளிக்கவில்லை’ என்று மருத்துவர் கருதுவார். உண்மையில் மருந்து உட்கொள்ளப்படவே இல்லை. இதனால், எளிய மாத்திரையால் கட்டுப்படக்கூடிய நோய்க்குக் கடுமையான வேறு சிகிச்சை தரப்படக்கூடும்.

மூன்றாவதாக, 65 அல்லது 70 வயதைக் கடந்த சிலருக்கு, கட்டி சிறியதாகவும் அக்குளில் நெறிக்கட்டு இல்லாமலும் இருந்தால், ஹார்மோன் மாத்திரையை உறுதியாக உட்கொள்வார் என்னும் நம்பிக்கையில் கதிர்வீச்சு தவிர்க்கப்படுவதுண்டு. உடல்நிலை இடம் தராததால் அறுவை சிகிச்சையே இன்றி மாத்திரையை மட்டும் நம்பியிருப்போரும் உள்ளனர். இவர்கள் மாத்திரையை நிறுத்தினால் அவர்களுக்கு வேறு பாதுகாப்பு இல்லை. நீங்கள் இப்பிரிவைச் சேர்ந்தவரா என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

தொல்லைகளுக்கு என்ன செய்யலாம்?

மூட்டுவலி: வலிக்கிறது என்று அசையாமல் இருந்தால் விறைப்பு மிகும். நாள்தோறும் 20 முதல் 30 நிமிட நடையும், வாரம் இருமுறை எளிய தசைப் பயிற்சியும் இவ்வகை வலியைக் குறைப்பதாக ஆய்வுகள் மெய்ப்பித்துள்ளன. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது, அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கையில் ஏந்தி உயர்த்துவது போன்றவை போதும். இதயநோய் அல்லது எலும்புத் தேய்வு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கவும். வலி நீடித்தால் மருத்துவர் சில வாரங்கள் மாத்திரையை நிறுத்திப் பார்த்து, பின்னர் அதே வகையில் வேறொரு மாத்திரையையோ டாமாக்சிஃபெனையோ தரலாம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றொன்று ஒத்துக்கொள்வது அடிக்கடி காணப்படுவதே. வலிநிவாரணி மாத்திரைகளைக் கடையில் நீங்களாகவே வாங்கித் தொடர்ந்து உட்கொள்ள வேண்டா. முதியோரின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் அவை பாதிக்கும்.

எலும்புத் தேய்வு: லெட்ரோசோல் வகை மாத்திரைகள் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கின்றன. தொடங்கும்போதும், பின்னர் ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவை. உணவில் கேழ்வரகு, பால், தயிர், எள், முருங்கைக்கீரை சேர்க்கவும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. தேவைப்பட்டால் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் எலும்பை வலுப்படுத்தும் ஊசியும் தரப்படும். அவ்வூசிக்கு முன் பற்களைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். வீட்டில் வழுக்கும் குளியலறைத் தரை, இருண்ட நடைவழி ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். விழாமல் காப்பதே எலும்பைக் காக்கும் முதல் வழி.

உடல் சூடும் வியர்வையும்: பருத்தி ஆடை, காற்றோட்டமான படுக்கையிடம், மாலைக்குப் பின் காப்பி, தேநீர், காரம் குறைத்தல் ஆகியவை உதவும். குறையாவிடில் இதற்கென ஹார்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன. டாமாக்சிஃபென் உட்கொள்வோர், பாராக்செட்டின், ஃபுளுவாக்செட்டின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். அவை டாமாக்சிஃபென்னின் வேலையைக் குறைக்கக்கூடும். எனவே எந்த மருத்துவரிடம் சென்றாலும் நீங்கள் உட்கொள்ளும் மாத்திரையின் பெயரைக் கூறுங்கள்.

பிறப்புறுப்பு வறட்சி: ஹார்மோன் கலவாத ஈரப்பதக் களிம்புகள் உள்ளன. ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பைப் புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதலின்றிப் பயன்படுத்த வேண்டா. சொல்லக் கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவரையோ செவிலியரையோ கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை.

மனச்சோர்வும் உறக்கமின்மையும்: இவை மனவலிமைக் குறைவல்ல. மருந்தாலும் நோய் தந்த அச்சத்தாலும் வரக்கூடியவை. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் தெரிவியுங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி
• திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி
• முகம் கோணுதல், ஒருபக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல்
• மாதவிடாய் நின்ற பின் சிறிதளவேனும் இரத்தப்போக்கு
• திடீரெனப் பார்வை மங்குதல்
• விழுந்த பின் நடக்க இயலாமை, குறையாத முதுகுவலி

முதல் மூன்றும் அவசர நிலைகள். 108 ஆம்புலன்சை அழையுங்கள். டாமாக்சிஃபென் இரத்தம் உறைதல், கருப்பைப் புற்றுநோய் ஆகியவற்றின் வாய்ப்பைச் சற்றே கூட்டுகிறது. பெரும்பாலானோருக்கு மாத்திரையின் நன்மையே மிகுதி. எனினும் இவ்வறிகுறிகளைப் பொறுத்திருந்து பார்க்கக் கூடாது.

ஒருநாள் மறந்துவிட்டால்

அன்றைக்குள் நினைவு வந்தால் உடனே உட்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால், அன்றைய மாத்திரை ஒன்றை மட்டும் உட்கொள்ளுங்கள். இரண்டாகச் சேர்த்து உட்கொள்ள வேண்டா. இம்மருந்துகள் உடலில் சில நாள்கள் தங்குபவை என்பதால் ஒருநாள் தவறியதால் சிகிச்சை வீணாகிவிடாது. விரதம் அல்லது நோன்பு இருப்போர், மாத்திரையை விடியலுக்கு முன்போ நோன்பு திறந்த பின்போ உட்கொள்ளலாம். நாளுக்கு ஒருமுறைதான் என்பதால் நேரத்தை மாற்றிக்கொள்வதில் தடையில்லை.

ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்களா?

பல வாரங்களோ மாதங்களோ ஆகியிருந்தாலும் மருத்துவரிடம் வாருங்கள். எப்போது நிறுத்தினீர்கள், எதனால் நிறுத்தினீர்கள் என்பதை உள்ளபடி கூறுங்கள். ‘திட்டுவார்களோ’ என்னும் அச்சத்தால் வராமல் இருப்பதே பெரிய இழப்பு. மீண்டும் தொடங்கலாமா, வேறு மாத்திரைக்கு மாறலாமா என்பதை அதன் பின்னரே முடிவு செய்ய இயலும்.

நிறுத்துவதே சரியான முடிவாகும் நேரமும் உண்டு. நோய் திரும்பும் வாய்ப்பு மிகக் குறைந்தவராக இருந்து, வேறு கடும் நோய்களால் உடல் நலிந்து, மாத்திரையின் தொல்லை அன்றாட வாழ்வையே முடக்கினால், அதனை நிறுத்துவது பற்றி மருத்துவரே பேசுவார். நீங்களும் அப்பேச்சைத் தொடங்கலாம். அது கலந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். மருத்துவர் அறியாமல் நிகழக் கூடாது என்பதே வேண்டுகோள்.

பராமரிப்போர் செய்யக்கூடியவை

• நோய் எது, மாத்திரை எதற்கு என்பதை அவருக்குப் புரியும் சொற்களில் கூறுங்கள். தயக்கமாக இருந்தால் மருத்துவரின் துணையை நாடுங்கள்.
• ‘மாத்திரை போட்டீர்களா?’ என்று கேட்டால் ‘போட்டேன்’ என்றே விடை வரும். ‘அம்மா, இந்த வாரம் எத்தனை நாள் விட்டுப்போயிற்று?’ என்று கேளுங்கள். குற்றம் சாட்டாத கேள்விக்கே உண்மையான விடை கிடைக்கும்.
• ஏழு நாள்களுக்கான தடுப்புகள் கொண்ட மருந்துப் பெட்டியில் வாரம் ஒருமுறை நிரப்பி வையுங்கள். காலைக் காப்பி, இரவு உணவு போன்ற மாறாத வழக்கம் ஒன்றோடு மாத்திரையை இணையுங்கள்.
• நிறமோ உறையோ மாறினால் மருந்தாளுநரிடம் காட்டி உறுதிசெய்து, அதனை அவருக்கும் விளக்குங்கள்.
• மருந்துச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். ஊர் மாறிச் செல்லும்போது குறைந்தது ஒரு மாத மாத்திரை உடன் செல்லட்டும்.
• மாத்திரை தீர்வதற்கு 10 நாள்களுக்கு முன்பே அடுத்த மாத்திரையைப் பெறுங்கள்.
• நாட்டு மருந்து, சித்த மருந்து எதுவாயினும் அதனையும் சேர்த்துக் கொள்கிறார் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவியுங்கள்.

உதவி பெறும் வழிகள்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் மருந்துகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. உங்கள் மாத்திரை அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே கிடைக்குமா, ஒரே முறையில் எத்தனை நாள்களுக்குத் தரப்படும் என்பதைக் கேட்டறியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் உங்களுக்குரிய பலன்களை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரிக்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டிற்கே வரும் இயன்முறை மருத்துவரிடம் மூட்டுப் பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளலாம். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிகளுக்கு இரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றை மருத்துவமனையில் பெறவும். ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது கேளுங்கள்

• என் மாத்திரையின் பெயர் என்ன? எத்தனை ஆண்டுகள் உட்கொள்ள வேண்டும்?
• எனக்கு நோய் திரும்பும் வாய்ப்பு எத்தகையது? மாத்திரையால் அது எவ்வளவு குறைகிறது?
• எனக்கு இப்போதுள்ள வலி மாத்திரையால் வந்ததா, மூட்டுத் தேய்மானத்தால் வந்ததா?
• வேறு மாத்திரைக்கு மாற வழியுண்டா?
• எலும்பு அடர்த்திப் பரிசோதனை எனக்கு எப்போது?

இவ்வைந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி மருந்துச் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதனை நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு சொல் தெரிவியுங்கள்.